கண்மாய்க் கரை ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மழையை நம்பி வாழும் ஒரு வட்டாரத்தில் பத்தாண்டு காலம் ஓர் இலக்கிய வட்டம் இடையறாது கூடி வருவது எளிய செயலன்று. அத்தகைய வட்டத்தின் விழா மேடையில் மிதிவண்டி வழிகளைப் பற்றிய உரைக்கு இடமுண்டா என்னும் ஐயம் சிலருக்கு எழலாம். வழி கூறுதலையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ் என்பதை எண்ணிப் பார்த்தால் அவ்வையம் நீங்கும். எம்.ரெட்டியபட்டியைச் சூழ்ந்த அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கண்மாய்களை இணைத்துச் செல்லும் மிதிவண்டி வழிகளே இவ்வுரையின் பொருள். கரையின்மேல் மிதிவண்டி செல்லக்கூடிய கண்மாய் மக்கள் கையில் இருக்கிறது. வண்டி செல்ல இயலாத கண்மாய் அவர்தம் கையைவிட்டு நழுவிக்கொண்டிருக்கிறது. இக்கருத்தை விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

வழி கூறும் மரபு

பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். திருமுருகாற்றுப்படை, பொருநராற்றுப்படை, சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம் ஆகிய ஐந்தும் பயன்பெற்ற ஒருவர் பயன்பெற வேண்டிய மற்றொருவர்க்கு வழி காட்டும் முறையில் அமைந்தவை. அரசனது கொடையைச் சொல்வதோடு அவை நிற்பதில்லை. எந்த நிலத்தில் யார் வாழ்வர், எங்கே என்ன உணவு கிடைக்கும், எந்த இடத்தில் எச்சரிக்கை வேண்டும் என்பனவற்றையும் முறையாகச் சொல்கின்றன. மலைபடுகடாத்தின் ஆசிரியர் பெருங்கௌசிகனார் வழியிலுள்ள பொறிகளையும் வழுக்கு நிலங்களையும் கவண்கல் வந்து விழும் இடங்களையும் ஒன்றுவிடாமல் கூறுகிறார். வழி தெரிந்தவர் தெரியாதவர்க்குச் செய்யும் அறமாகவே பயணக் குறிப்பு தமிழில் தோன்றியது.

இளங்கோவடிகளும் இம்மரபினரே. காடுகாண் காதையில் மதுரைக்கு வழி கேட்கும் கோவலனுக்கு மாங்காட்டு மறையவன் மூன்று நெறிகளைக் கூறுகிறான். அம்மூன்றும் பிரியும் இடம் எது என்பது இவ்வட்டாரத்தார் உற்று நோக்கத்தக்கது. கொடும்பையின் நெடிய குளக்கரையை அடைந்தால் ஆங்கே வழி சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகக் கிளைக்கும் என்கிறான் அவன். கொடும்பை என்பது இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூர் எனக் கருதப்படுகிறது. தென்பாண்டி நாட்டை நோக்கிய பயணத்தில் வழி கேட்பவனுக்கு முதல் அடையாளமாகச் சொல்லப்படுவது ஒரு நீர்நிலையின் கரை. அன்று மட்டுமன்று, இன்றும் இப்பக்கத்து ஊர்களில் வழி கேட்டால், "கண்மாய்க் கரையேறி, கலுங்கைத் தாண்டி" என்றே விடை வரும்.

நீர் நடந்த வழி

ஆறு என்னும் சொல்லுக்கு வழி என்றும் பொருள், நீர் ஓடும் ஆறு என்றும் பொருள். இவ்விரு பொருளும் ஒன்றாகும் நிலம் குண்டாற்று வடிநிலம். மேற்கே மலைச்சரிவில் தோன்றி, திருமங்கலம், திருச்சுழி, கமுதி வழியாகக் கிழக்கும் தென்கிழக்குமாகச் சென்று மன்னார் வளைகுடாவை அடையும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். விருதுநகர் மாவட்டத்தின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் வடகிழக்குப் பருவமழையாகச் சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடும். சில நாள் மழையை ஓர் ஆண்டின் வாழ்வாக மாற்றும் பொறுப்பே கண்மாயைப் பிறப்பித்தது.

தமிழகத்தில் ஏரி, கண்மாய், குளம் எனப்படும் பாசன நீர்நிலைகள் ஏறத்தாழ 39,000 உள்ளன. வடக்கே ஏரி என வழங்குவதே தெற்கே கண்மாய் ஆகிறது. பேச்சில் அது கம்மாய். நிலம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி மெல்லச் சாய்வதால் இங்குள்ள கண்மாய்களின் கரை பெரும்பாலும் கிழக்குப் புறத்தில் அமையும். மேற்கே உள்வாய், அங்கே வரத்துக்கால் வந்து சேரும். கரையில் மடைகள், அவற்றின் வழியே வயலுக்கு நீர் பாயும். ஒரு புறத்தில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் மிகுநீர் அதன்வழியே மறுகால் பாயும். ஒரு கண்மாயின் மறுகாலே அடுத்த கண்மாயின் வரத்துக்கால். இவ்வாறு மேலூர்க் கண்மாய் கீழூர்க் கண்மாயோடும் அது அதற்கடுத்த ஊரோடும் தொடர்ந்து, இறுதியில் எஞ்சும் நீர் ஆற்றையோ கடலையோ சேரும். சங்கிலித் தொடர் கண்மாய்கள் என்று பாசன அறிஞர் இதனைக் கூறுவர்.

நீர்நிலையின் பெயராலேயே ஊர் வழங்குவது இந்நிலத்தின் இயல்பு. கல்லூரணியில் ஊருணி இருக்கிறது. முதுகுளத்தூரில் குளம் இருக்கிறது. மல்லாங்கிணற்றில் கிணறு இருக்கிறது. ஏந்தல் என முடியும் ஊர்ப் பெயர்களோ பல. மழைநீரை ஏந்திக்கொள்ளும் சிறு நீர்நிலை ஏந்தல். ஊரின் பெயரைச் சொல்லும்போதே அவ்வூர் எதை நம்பி எழுந்தது என்பதும் சொல்லப்பட்டு விடுகிறது.

குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்கு அறிவுரை கூறும் புறநானூற்றின் 18ஆம் பாடல் பலரும் அறிந்தது. நிலம் குழிந்த இடங்களில் நீரைத் தடுத்து நிறுத்துக என்று அரசனிடம் துணிந்து கூறிய புலவர் அவர். அவ்வறிவுரை நின்று பயன் தந்த நிலங்களுள் ஒன்று பாண்டி நாட்டின் இப்பகுதி.

ஒற்றையடிப் பாதைக்கு ஏற்ற வண்டி

இத்தகைய நிலத்தில் மிதிவண்டி எவ்வாறு பொருந்திற்று என்பது அடுத்து நோக்கத்தக்கது. இரு சக்கரங்களும் ஒத்த அளவினவாய், சங்கிலியால் பின்சக்கரம் இயங்கும் வண்டியை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் உருவாக்கினார். 1888இல் டன்லப் காற்றடைத்த சக்கரத்திற்கு உரிமம் பெற்றார். இவ்விரண்டும் சேர்ந்ததே இன்றுள்ள மிதிவண்டி. 1949இல் சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பெற்ற பின்னர் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. போன்ற பெயர்கள் தமிழகச் சிற்றூர்களில் வீட்டுப் பெயர்களாயின. வண்டி வாங்க இயலாதவர்க்கு வாடகை சைக்கிள் கடை இருந்தது. கால் எட்டாத சிறுவர்கள் குறுக்குக் கம்பிக்குக் கீழே காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே ஓட்டப் பழகினர்.

மாட்டு வண்டிக்கு இரண்டு தடம் வேண்டும். காருக்கும் பேருந்துக்கும் அகன்ற சாலை வேண்டும். மிதிவண்டியின் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் ஓடுவதால் மனிதன் நடக்கும் ஒற்றையடிப் பாதையே அதற்குப் போதும். இந்நாட்டில் ஒற்றையடிப் பாதையின் மிகச் சிறந்த வடிவம் கண்மாய்க் கரை. அது உயர்ந்தது, மழைக்காலத்திலும் நீரில் மூழ்காதது, ஓர் ஊரின் மேடான பகுதியை மற்றோர் ஊரின் எல்லையோடு சேர்ப்பது. ஆகவே மிதிவண்டி வந்தபோது அதற்கெனப் புதுவழி எதையும் யாரும் வகுக்க வேண்டியிருக்கவில்லை. முன்னோர் நீருக்காகப் போட்ட கரையே வழியாயிற்று.

அவ்வழியில் சென்றவர்கள் யாவர்? அஞ்சல் பையோடு சென்ற தபால்காரர். அக்கரைப் பள்ளிக்குச் சென்ற ஆசிரியர். அருப்புக்கோட்டைத் தறிகளுக்குப் பாவும் நூலும் சுமந்து சென்ற நெசவாளர். கேரியரில் பெட்டி கட்டிய ஐஸ் வியாபாரி. அழியும் கண்மாயில் பிடித்த விராலையும் கெளுத்தியையும் கூடையிலிட்டு ஊர் ஊராகக் கூவிச் சென்ற மீன்காரர். ஒவ்வொரு கண்மாயிலும் எத்தனை மடை, எந்த மடை ஒழுகும், எந்த ஆண்டு எந்தக் கலுங்கு மறுகால் பாய்ந்தது என்பன இவர்கட்கு வாய்ப்பாடம். நீர்பாய்ச்சி தம் ஊர்க் கண்மாயை அறிவார். மிதிவண்டியில் செல்பவரோ கண்மாய்த் தொடரையே அறிந்தவர்.

கபிலர் கண்ட வளைவு

புறநானூற்றின் 118ஆம் பாடலில் பாரி இறந்த பின் பறம்பு நாட்டைப் பார்த்துக் கலங்கும் கபிலர் ஒரு சிறு குளத்தின் கரையைக் காண்கிறார். எட்டாம் நாள் நிலவைப் போல வளைந்த அக்கரை காப்பாரின்றி உடைவதை நினைத்து வருந்துகிறார். உவமை அழகுக்காக மட்டும் அமைந்ததன்று. கண்மாய் கட்டும் தொழிலின் உண்மையும் அதில் அடங்கியிருக்கிறது. நேர்கோட்டில் கட்டிய கரை நீரை நிறுத்தாது. தாழ்ந்த பக்கத்தில் நடுவும், உயர்ந்த பக்கம் நோக்கி வளைந்த இரு முனைகளும் அமைந்தால்தான் நீர் தங்கும்.

இவ்வளைவை அறியச் சிறந்த வழி கரைமேல் மிதிவண்டியில் செல்வதே. நடந்து செல்பவர்க்குக் கரை நேரானதாகவே தோன்றும். அடிக்கு அடி வளைவு அத்துணைச் சிறிது. விரைந்து செல்லும் உந்துவண்டியில் இருப்பவர் கரையையே காண்பதில்லை. மிதிவண்டியில் செல்பவரது கையோ கைப்பிடியை ஒரே பக்கம் சற்றே திருப்பியபடி இருக்க வேண்டியிருக்கும். தெற்கு முனையில் ஏறி வடக்கு நோக்கிச் சென்றால் இடப்புறம் நீர், வலப்புறம் வயல், நடுவில் பனையும் வேம்பும் நாட்டுக்கருவேலும். மடை இருக்கும் இடத்தில் கரை சற்று அகன்றிருக்கும். அங்கே பெரும்பாலும் ஓர் அய்யனாரோ கருப்பரோ நிற்பார். நீரைக் காக்க வேண்டிய இடத்தில் தெய்வத்தை நிறுத்திய அறிவு எண்ணத்தக்கது.

பருவந்தோறும் ஒரு வழி

இவ்வட்டாரத்து வழிகளை ஊரின் பெயரால் மட்டுமன்றிப் பருவத்தாலும் கூற வேண்டும். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி ஏறத்தாழ ஒரு மணி நேர மிதிவண்டி வழி. செல்லும் திசை கிழக்கு. நீர் செல்லும் திசையும் அதுவே. ஆடியில் மேல்காற்று முதுகில் வந்து தள்ளும்; மிதிக்காமலே வண்டி போவதுபோல் தோன்றும். அதே காற்று திரும்பும்போது முகத்தில் அறைந்து ஒரு மணி வழியை இரண்டு மணி வழியாக்கும்.

ஐப்பசி மழையில் கரிசல் மண் பாதைக்குள் இறங்குவோர் அறிந்திருக்க வேண்டிய ஒன்றுண்டு. ஈரக் கரிசல் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் புகுந்து இறுகிக்கொள்ளும். சிறிது தூரத்தில் வண்டி உருளாது. மனிதன் வண்டியைத் தோளில் சுமக்க வேண்டியதுதான். அந்நாளில் கைகொடுப்பது கரை. கார்த்திகை, மார்கழியில் கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால் கலுங்கின்மேல் இறங்கி வண்டியை உருட்டிச் செல்ல வேண்டும். தையில் நெல்லும், புன்செயில் கம்பும் குதிரைவாலியும் மல்லியும் மிளகாயும் வழியின் நிறத்தை மாற்றும். பங்குனி, சித்திரையில் கண்மாய் அழிந்து ஊரே கூடி மீன்பிடிக்கும். உள்வாயின் குறுக்கே புதிய தடம் விழும். கரையைச் சுற்றாமல் கண்மாய்க்குள்ளேயே மிதிவண்டி போகும். ஓராண்டுக்குள் ஒரே இரண்டு ஊர்களுக்கிடையே மூன்று வழிகள் தோன்றி மறையும் நிலம் இது. தொல்காப்பியர் வகுத்த முதற்பொருளாகிய நிலமும் பொழுதும் இங்கே பிரிக்க முடியாதவை.

திருச்சுழி குண்டாற்றின் கரையில் அமைந்த ஊர். சுந்தரரின் பதிகம் பெற்ற தலம்; 1879இல் இரமண மகரிஷி பிறந்த ஊர். அதற்கு அண்மையில் உள்ளது பள்ளிமடம். பாண்டிய மன்னன் ஒருவனது பள்ளிப்படைக் கோயில் அங்கே உள்ளது. ஆற்று மணலுக்கும் கோயில் கல்லுக்கும் நடுவே வண்டியை நிறுத்தி நிற்பவர்க்கு ஒன்று விளங்கும்: வறண்ட நாடு என்பது வரலாறற்ற நாடு அன்று. தெற்கும் கிழக்கும் மேலும் சென்றால் கமுதியைக் கடந்து முதுகுளத்தூர்ப் பக்கத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் என்னும் இரு கண்மாய்கள் உள்ளன. பறவைகள் காப்பிடங்களான இவ்விரண்டும் 2022இல் உலக ஈரநிலங்களுக்குரிய ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை என அறிவிக்கப்பட்டன. உழவர் நெல்லுக்காகக் கட்டிய கண்மாய்களில், நாட்டுக்கருவேல் மரங்களின்மேல், நாரைகள் கூடு கட்டுகின்றன. மனிதன் கட்டியதை உலகம் இயற்கைச் செல்வமாக ஏற்றிருக்கிறது.

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் நான்குவழிச் சாலையும் அருப்புக்கோட்டையையும் பந்தல்குடியையும் ஒட்டியே செல்கிறது. அதில் விரைபவர்க்கு வரத்துக்கால் என்பது பாலத்தின் அடியில் ஒரு நொடி தோன்றும் பள்ளம். அச்சாலை வேண்டாதது என்பதன்று இதன் பொருள்; நோயாளியையும் விளைபொருளையும் விரைவில் கொண்டு சேர்ப்பது அதுவே. ஆயினும் நாட்டை அறிவதற்குரிய சாலை அதுவன்று.

பெண்கள் ஏறிய வண்டி

கண்மாய் நாட்டில் மிதிவண்டியின் வரலாறு பேசும்போது புதுக்கோட்டையை விட்டுவிட முடியாது. 1990களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தில் நிகழ்ந்த அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்களுக்குக் கற்பித்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இதனை இயக்கத்தின் பகுதியாகவே ஆக்கினார். வண்டி வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்யப்பட்டது. கேலி பேசியோர் இருந்தனர். பேசப் பேச வண்டிகளின் எண்ணிக்கை பெருகிற்று. பேருந்துக்காகக் காத்திருந்த நேரமும், ஆண்மகன் ஒருவன் வந்து அழைத்துச் செல்லட்டும் என்று காத்திருந்த நேரமும் பெண்களுக்கு மீண்டன. முன்னே குழந்தையும் பின்னே தண்ணீர்க் குடமுமாகச் சென்ற அப்பெண்களைப் பற்றி 1996இல் வெளிவந்த தமது நூலில் பி.சாய்நாத் எழுதிய பின்னர் உலகமே அறிந்தது. கண்ணகி நடந்த வழி பிரிந்த கொடும்பாளூர் இருக்கும் அதே மாவட்டத்தில், பதினேழு நூற்றாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்து, பெண்கள் தம் வழியைத் தாமே ஓட்டிச் சென்றனர் எனக் கூறுவது மிகையாகாது.

பின்னர் 2001–02ஆம் கல்வியாண்டில் மேல்நிலை வகுப்புகளில் பயிலும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கு அரசு விலையில்லா மிதிவண்டி வழங்கத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அத்திட்டம் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் 11ஆம் வகுப்பில் பயிலும் அனைவர்க்கும் விரிந்தது. மேல்நிலைப் பள்ளி எல்லா ஊர்களிலும் இல்லை. பத்தாம் வகுப்போடு நின்றுவிடக் கூடிய பெண், பக்கத்து ஊர்ப் பள்ளிக்குச் செல்ல அவ்வண்டி துணையாயிற்று.

ஆனால் வண்டி மட்டும் போதாது, வழியும் வேண்டும். தார்ச்சாலை வழியே சுற்றிச் செல்வது தொலைவு. கண்மாய்க் கரை வழியே செல்வது அண்மை. கரை வெளிச்சமாய், ஆடு மேய்ப்பவரும் நீர்பாய்ச்சியும் நடமாடும் இடமாய் இருக்கும் வரை மகளை அவ்வழியே அனுப்பப் பெற்றோர் அஞ்சார். கரையில் முள் மூடி இருபுறமும் மறைந்தால் முதலில் நிற்பது பெண்ணின் மிதிவண்டி. அவள் வராத கரையில் பிறரும் வருவது குறையும். ஒரு கரை கைவிடப்படுகிறது என்பதற்கு முதல் அறிகுறி எது என்று கேட்டால், பள்ளிப் பெண்களின் வண்டித் தடம் அதில் இல்லாமற் போவதே என்று விடை கூறலாம்.

ஏரிகளும் கவிஞர்களும்

ஏரிநாட்டு வழிகளைப் பற்றிப் பேசும்போது கடல்கடந்த ஓர் எடுத்துக்காட்டும் பயன் தரும். இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள ஏரி மாவட்டத்தில் வாழ்ந்த வேர்ட்ஸ்வொர்த், கோல்ரிட்ஜ், சதே ஆகியோர் ஏரிக் கவிஞர்கள் என்றே பெயர் பெற்றனர். வேர்ட்ஸ்வொர்த் கவிதை எழுதியதோடு நில்லாமல் அந்நாட்டுக்கு வழிகாட்டி நூலும் எழுதினார். 1810இல் ஒரு படத் தொகுப்பின் முன்னுரையாகத் தொடங்கிய அது, விரிந்து விரிந்து 1835இல் ஐந்தாம் பதிப்பைக் கண்டது. தம் நாட்டின் அமைதியைக் கெடுக்கும் என அவர் அஞ்சிய இருப்புப் பாதையை எதிர்த்து 1844இல் எழுதவும் செய்தார். இன்று அப்பகுதி வழியே, மேற்குக் கடற்கரையில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரையை அடையும் மிதிவண்டி வழி ஒன்று செல்கிறது. 1994இல் திறக்கப்பட்ட அவ்வழி, கோல்ரிட்ஜும் சதேயும் வாழ்ந்த கெசிக் நகரைத் தொட்டுச் செல்வது. 2017இல் ஏரி மாவட்டம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம் பெற்றது. மலையையும் ஏரியையும் மட்டுமன்றி அங்குள்ள உழவர் வாழ்வையும் கவிஞர் எழுத்தையும் சேர்த்தே அச்சிறப்பு அளிக்கப்பட்டது.

ஒப்பிடும்போது வேறுபாட்டையும் மறத்தலாகாது. அங்குள்ள ஏரிகள் பனிப்பாறை குடைந்தவை. இங்குள்ளவை மண்வெட்டியும் கூடையும் குடைந்தவை. அங்கே நீர் என்றும் இருக்கும். இங்கே நீர் விருந்தினர். ஆகவே அங்குள்ள வழிகாட்டி காட்சியைக் காட்டினால் போதும். இங்குள்ள வழிகாட்டி உழைப்பையும் காட்ட வேண்டும். எனினும் ஒன்றில் அவர்கள் முன்னோடிகள்: தம் நீர்நிலைகளுக்கு வழி எழுதுவது கவிஞரின் கடமையே என்று அவர்கள் கருதினர். கரிசல் நிலத்து வாழ்வைக் கி.ராஜநாராயணனும் பூமணியும் கதையில் நிறுத்தினர். மல்லாங்கிணற்றைச் சேர்ந்த எஸ்.ராமகிருஷ்ணன் வெயிலின் நெடுவழியைப் புதினமாக்கினார். அவ்வூரினரான தமிழச்சி தங்கபாண்டியன் அம்மண்ணைக் கவிதையில் பாடினார். மக்களும் மண்ணும் எழுதப்பட்டாயிற்று. கண்மாயிலிருந்து கண்மாய்க்குச் செல்லும் வழி இன்னும் எழுதப்பட வேண்டியிருக்கிறது.

முள்ளும் மராமத்தும்

கரை கைவிடப்பட்டது எப்படி என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. முன்னர் ஊரே கூடிக் கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து இருந்தது. அவ்வழக்கம் தளர்ந்தபோது ஆங்கில அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. ஊரார் மனமுவந்து செய்ததைச் சட்டத்தால் மீட்க முடியவில்லை. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின் ஜமீன் கண்மாய்கள் அரசின் பொறுப்பாயின. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுப்பணித் துறையிடமும், குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் பிரிந்தன. ஒரே நீர்த்தொடரில் மேல்கண்மாய்க்கு ஓர் அலுவலகமும் கீழ்க்கண்மாய்க்கு மற்றோர் அலுவலகமும் உரிமையாயின. கிணறும் மின்பம்பும் வந்தபின் வசதியுள்ளோர்க்குக் கண்மாய் இன்றியமையாததாக இல்லாமற் போயிற்று.

இவ்விடைவெளியில் நுழைந்தது சீமைக்கருவேல். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மரம், ஆடுமாடுகள் தின்ற நெற்றுகளின் வழியே கண்மாயின் உள்வாயெங்கும் பரவிற்று. அதனை முற்றிலும் பகையாகக் கூறுவது நேர்மையன்று. மழை பொய்த்த ஆண்டுகளில் பல ஏழைக் குடும்பங்களுக்கு விறகும் கரிமூட்டமுமே சோறிட்டன, இன்றும் இடுகின்றன. ஆனால் வரத்துக்காலிலும் கரையிலும் அது நிற்கும் இடத்தில் நீர் வராது, மனிதனும் வரான். அதன் முள் மிதிவண்டிச் சக்கரத்தில் ஏறினால் பஞ்சர் தவிர்க்க முடியாதது. ஒரு கரையில் செல்லும் வண்டி எத்தனை முறை பஞ்சராகிறது என்பது அக்கண்மாயின் நிலையைக் கூறும் அளவுகோல் என்றால் நகைப்புக்குரியதாகத் தோன்றலாம், பொய்யன்று.

2017இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பழம் பெயரிலேயே கண்மாய்ச் சீரமைப்புப் பணியைத் தொடங்கியது. கரைகள் பல உயர்ந்தன; வண்டல் அள்ளப்பட்டது. இருப்பினும் இயந்திரம் வெட்டிய முள் வேரிலிருந்து மீண்டும் தளிர்க்கும். ஆள் நடமாட்டம் உள்ள கரையில் தளிர் மிதிபட்டு அழியும். நடமாட்டமற்ற கரையில் சில மழைக்காலங்களுக்குள் பழைய காடு திரும்பும். பணம் கரையைக் கட்டலாம், காப்பது பயன்பாடே.

இன்று மிதிவண்டி எதற்கு, இருசக்கர மோட்டார் வண்டி இல்லாத வீடு ஏது, வழிகாட்டக் கைப்பேசி இருக்கிறதே என்று கேட்கலாம். 2021இல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணமும் நடைமுறைக்கு வந்தது; அது பெரும் நன்மையே. ஆயினும் பேருந்து கரையில் செல்வதில்லை. கைப்பேசியின் வரைபடம் கண்மாயை நீலமாகக் காட்டும். நீர் இல்லாத ஆண்டிலும் நீலமாகவே காட்டும். மடையின் பெயர் அதற்குத் தெரியாது. கலுங்கு உடைந்திருப்பதும் வரத்துக்காலின் குறுக்கே வேலி விழுந்திருப்பதும் தெரியாது. அவற்றைக் காணும் விரைவு மிதிவண்டியின் விரைவே. நடந்தால் ஒரு நாளில் ஓரிரு கண்மாய்களைக் காணலாம். மிதிவண்டியில் ஒரு தொடரையே மேலிருந்து கீழ்வரை காணலாம். தொடரைக் கண்டவர்க்கே மேலூர் அடைத்த வரத்துக்காலால் கீழூர் வறண்டது புலப்படும்.

வட்டம் செய்யத்தக்கது

பத்தாண்டு நிறைவில் ஓர் இலக்கிய வட்டம் மேற்கொள்ளத்தக்க பணி ஒன்றை முன்வைத்து இவ்வுரை நிறைவுறுகிறது. எம்.ரெட்டியபட்டியை நடுவாகக் கொண்டு, மிதிவண்டியில் ஒரு நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவிலுள்ள கண்மாய்களுக்கெல்லாம் ஓர் ஆற்றுப்படை எழுதப்பட வேண்டும். செய்யுளாயினும் உரைநடையாயினும் குற்றமில்லை. அதில் ஒவ்வொரு கண்மாயின் பெயரும், அதன் மடைகளின் பெயர்களும், கலுங்கு இருக்கும் பக்கமும், நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே மறுகால் பாய்கிறது என்பதும் இடம்பெற வேண்டும். கரையில் நிற்கும் மரம், மடைக்கு அருகிலுள்ள தெய்வம், நீர்பாய்ச்சியின் வழக்குச் சொற்கள் ஆகியனவும் வேண்டும். எந்தப் பருவத்தில் எந்த வழி, எந்த இடத்தில் இறங்கி வண்டியை உருட்ட வேண்டும் என்பனவும் வேண்டும். எந்தக் கரையில் வண்டி செல்ல இயலவில்லை என்பதும் மறைக்கப்படாமல் ஆண்டோடு குறிக்கப்பட வேண்டும். அக்குறிப்பு அலுவலகத்தில் அளிக்கும் மனுவைவிட நீண்ட காலம் நிற்கும்.

இப்பணிக்குச் சான்று கூறத்தக்க முதியோர் இன்னும் உளர். கரைமேல் வண்டி ஓட்டிய தபால்காரரும் மீன்காரரும் ஆசிரியரும் எண்பதை எட்டிக்கொண்டிருக்கின்றனர். அவர்களோடு மடைகளின் பெயர்களும் போய்விடும். பெயரிழந்த மடையை அடைப்பது எளிது. பெயரிழந்த வரத்துக்காலை ஆக்கிரமிப்பது அதனினும் எளிது. பெயர்களைக் காக்கும் தொழில் புலவர்க்கே உரியது. அப்பணியில் பள்ளி மாணவியரையும் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். வண்டி அவர்களிடம் இருக்கிறது, வழியும் அவர்களுக்கே தேவை.

மலைபடுகடாத்தில் வழி கூறுபவன் கூத்தரிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கிறான். வழி கிளைக்கும் இடத்தில் நில்லுங்கள். புதியவராகப் பின்னே வருவோர் மயங்காதிருக்க, சரியான வழியில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுங்கள் என்கிறான். வழிகாட்டப் பெற்றவரே வழிகாட்டியாகும் அவ்வறம் இந்நாட்டுக் கண்மாய்க் கரைகளில் தொடர வேண்டும். அடுத்த பருவமழைக்கு முன் முதற் கரையில் முதற் குறிப்பை இவ்வட்டத்துக் கவிஞர்கள் எழுதத் தொடங்குவார்களாயின், இருபதாம் ஆண்டு மலர் வெளிவரும்போது ஒரு முழு நீர்த்தொடரின் ஆற்றுப்படை அதில் இடம்பெற்றிருக்கும்.